மகரகம வானும் பங்கர் மணமும்

கிளிநொச்சியில் இருந்து மகரகம 300 கிலோமீற்றருக்கும் கூடிய தூரம். ஏ-9 வீதியால் வவுனியா, மதவாச்சி கடந்து, அநுராதபுரத்தில் மேற்கே திரும்பி, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்புக்குள் நுழைய வேண்டும். பிறகு ஹைலெவல் வீதியில் நுகேகொடையைத் தாண்டினால் அபேக்ஷா வைத்தியசாலை வரும். தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கேதான் மருந்து எடுக்கிறார்கள். ஆனாலும் சில பரிசோதனைகளுக்கும் சில சிகிச்சைகளுக்கும் மகரகமவுக்கு அனுப்பப்படுகிறவர்கள் இன்னமும் உண்டு. 2013இல் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆனால் ரயிலை விட்டு இறங்கினால் மகரகமவுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மருந்து ஏற்றிய உடம்போடு அதே வழியால் திரும்பி வரவும் வேண்டும். அதனால் ஏழெட்டுப் பேர் காசு சேர்த்து வான் பிடிப்பதே வழக்கம். நோயாளிகள் நான்கு பேர், துணைக்கு நான்கு பேர். நான் என் அக்காவுக்குத் துணை.

எங்கள் வான் ஒரு பழைய ஹயேஸ். அதன் சொந்தக்காரி எங்கள் ஊர் அக்கா ஒருவர். கணவர் 2009இல் காணாமல் போனவர். லீசிங்கில் எடுத்த வானை அவருடைய மருமகன் ஓட்டுகிறான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் பழைய வானுக்கே பொன் விலை. கிடைத்ததை வைத்துப் பராமரித்து ஓடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. மாதத்தில் இரண்டு மகரகம ஓட்டம் கிடைத்தால்தான் தவணை கட்டி முடியும் என்று அவர் சொல்வார். அதனால் வானுக்குள் என்ன மணக்கிறது என்பது அவருக்கும் சின்ன விசயம் அல்ல.

போகும்போது இரவுப் பயணம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் விடியற்புறம் வைத்தியசாலை வாசலில் நிற்கலாம். இரவில் வன்னிக் காற்று குளிர்ந்திருக்கும், யன்னலைத் திறந்துகொண்டே மதவாச்சி வரைக்கும் போய்விடலாம். வேதனை எல்லாம் திரும்பி வரும்போதுதான். நீர்கொழும்பில் இருந்து சிலாபம் வரைக்கும் கடற்கரைப் புழுக்கம். புத்தளத்தை விட்டு உள்ளே திரும்பியதும் வெயில் முகத்தில் அறையும். நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி என்று வெக்கை கூடிக்கொண்டே வரும். மருந்து ஏற்றிய உடம்பு இதைத் தாங்காது. யன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டே ஆக வேண்டும்.

ஏ.சி. போட்டால் அந்த மணம் வரும்.

முதல் ஐந்து நிமிடம் மிக மோசம். நாட்கணக்காக ஊறிய துணி மாதிரி, புளித்த மாதிரி, மண் மாதிரி. பிறகு மூக்குக்குப் பழகிவிடும் என்று சாரதித் தம்பி சொல்வான். அவனுக்குப் பழகியிருக்கலாம். மருந்து ஏற்றுகிறவர்களுக்கு மணம் என்பது வேறு விதமாகத்தான் தெரியும். வீட்டில் வெங்காயம் தாளித்தாலே என் அக்கா எழும்பி வெளியே போய்விடுவா. வானில் போகிற எல்லோர் கையிலும் ஒரு தேசிக்காய் இருக்கும். நகத்தால் கீறி மூக்கருகே பிடித்துக்கொள்வார்கள். அப்படியிருந்தும் சிலாபம் வருவதற்குள் இரண்டு பேராவது சத்தி எடுத்துவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் விசுவமடுவில் இருந்து வரும் மாமியோடு வந்தது. அவ பின் சீற்றில் இருப்பவ. ஏ.சி. போட்டதும் கை நடுங்கத் தொடங்கும், மூச்சு இழுக்கும், யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டுவா. தூசியும் வெக்கையும் உள்ளே வர, மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் நான் அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: “பிள்ளை, இது பங்கர் மணம்.”

விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. 2008 கார்த்திகை மழையை மறக்காதவர்கள் எங்களில் பலர். நிசா புயல் வந்த மாதம் அது. வெட்டிய பங்கருக்குள் எல்லாம் தண்ணீர். அள்ளி ஊற்றிவிட்டு, ஈரம் காயாத மண்ணில் சாக்கை விரித்துப் பிள்ளைகளை இருத்தினோம். 2009இல் கடற்கரைப் பக்கம் ஒடுங்கிய பிறகு மண்மூட்டைக்குச் சாக்குக்கூட இல்லை. கலியாணச் சேலைகளையும் வெட்டிப் பைகளாகத் தைத்து மண் நிரப்பினார்கள். அந்த நனைந்த சீலையும் மண்ணும் மூடிய குழிக்குள் விட்ட மணத்தை மூக்கு வைத்திருக்கிறது. அதை யாரும் படமெடுத்து வைக்கவில்லை.

சாரதித் தம்பி பிழையான பிள்ளை அல்ல. ஆனால் அவன் சொன்னது: “மாமி, அது உங்கட நினைப்பு. சும்மா பழைய ஏசி மணம்தான். மனசை வேற பக்கம் திருப்புங்கோ.” வானில் இருந்த சிலரும் தலையாட்டினார்கள். மணம் நேராக நினைவைப் போய்த் தொடும் என்று உளவளத்துணை செய்யும் சகோதரிகள் எங்களுக்கு முன்னரே சொல்லியிருக்கிறார்கள். அதனால் இது மாமியின் மனதில் உள்ள காயம் என்று எல்லோரும் முடிவெடுத்துவிட்டோம். மாமி அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டேன் என்றா. “செத்தாலும் வெளிக்காத்தில சாகிறன்” என்றது அவவின் சொல். அவவுக்கு இன்னும் நான்கு தடவை மருந்து ஏற்ற வேண்டியிருந்தது.

வான்கார அக்கா சும்மா இருக்கவில்லை. முதலில் கண்ணாடியில் தொங்கவிடும் வாசனை அட்டை வாங்கிக் கட்டினா. மல்லிகை வாசம் என்று எழுதியிருந்தது. பழைய மணத்துக்கு மேல் மல்லிகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; அன்று மூன்று பேர் சத்தி எடுத்தார்கள். பிறகு யாரோ சொல்லிச் சாம்பிராணி பிடித்தார்கள். அது இருமலைத்தான் கொண்டுவந்தது. கடைசியில் ஒரு கராஜில் காட்டினா. “கேஸ் குறைஞ்சு போச்சு, அதுதான் மணக்குது” என்று சொல்லிக் கேஸ் அடித்துவிட்டார்கள். குளிர் கூடியது, மணம் அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுபோனதற்குத் திரும்பவும் கேஸ் அடித்தார்கள். காசு இரண்டு தடவை போனது.

வழி பிறந்தது புத்தளத்தில். திரும்பி வரும்போது நாங்கள் அங்கே ஒரு தேநீர்க் கடையில் நிற்பது வழக்கம். களப்புப் பக்கம் இருந்து காற்று வரும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், இஞ்சி போட்ட பிளேன்ரீ நன்றாக இருக்கும். கடை நடத்தும் ராத்தா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது சிறு பிள்ளையாகத் தாயோடு வந்தவர். நாங்கள் கதைக்கும் தமிழைக் கேட்டாலே அவருடைய முகம் மாறும். அன்றைக்கு மாமி வானுக்குள் ஏறமாட்டேன் என்று வாங்கில் இருந்துவிட்டா. ராத்தா காரணம் கேட்டார், நான் சொன்னேன். அவர் எழும்பிப் போய் வானுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“தங்கச்சி, இங்க ஒரு நாளைக்கு எத்தனை வான் நிக்குது. ஏசி போட்டுக்கொண்டு வந்த வான் எண்டா நிண்ட இடத்தில தண்ணி சொட்டி நனைஞ்சு கிடக்கும். உங்கட வான் நிண்ட இடம் காஞ்சு கிடக்குதே. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?”

சாரதித் தம்பியிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை.

அடுத்த கிழமை வான்கார அக்கா வவுனியாவுக்கு வானைக் கொண்டுபோனா. துணைக்கு நானும் போனேன். கராஜில் ஒரு பெண் தனியே நின்றால் சொல்லும் விலையும் வேறு, கதைக்கும் கதையும் வேறு. நகருக்குச் சற்று வெளியே, வாகன ஏ.சி. வேலை மட்டும் செய்யும் வயதான ஒரு மெக்கானிக் ஐயா. அவர் வானைத் தொட முதல் எங்களிடம் கேள்வி கேட்டார். என்ன மணம்? போட்ட உடனே வருதா, ஓட ஓட வருதா? முன்னுக்குக் கூடவா, பின்னுக்குக் கூடவா? மழை நாளில் கூடுதா? இதுவரை யாரும் எங்களிடம் இப்படிக் கேட்டதில்லை.

ஏன் இவ்வளவு கேள்வி என்றால், மணத்தை வைத்தே பாதி வருத்தத்தைச் சொல்லிவிடலாமாம். ஊறிய துணி, புளிப்பு, மண் வாடை என்றால் ஈரமும் பூஞ்சணமும். அழுகிய மணம் என்றால் எலியோ பல்லியோ உள்ளே செத்துக் கிடக்கிறது. 2022இல் எண்ணெய் இல்லாமல் வாகனங்கள் கிழமைக்கணக்கில் நின்றபோது எலிக்கு நல்ல காலம் என்று சிரித்தார். இனிப்பான பாகு மாதிரி மணந்து கண்ணாடியும் உட்புறம் பிசுபிசுத்தால் ரேடியேற்றர் கூலண்ட் உள்ளே ஒழுகுகிறது. கருகிய மணம் என்றால் வயரையோ பெல்ற்றையோ பார்க்க வேண்டும், உடனே நிறுத்த வேண்டும். சைலன்சர் புகை மணந்தால் அதைவிட அவசரம்.

“கேஸுக்கு மணம் இல்லாத மாதிரித்தான் தங்கச்சி” என்றார். “கேஸ் குறைஞ்சா குளிர் குறையும். பூஞ்சணம் மணக்காது. மணத்துக்குக் கேஸ் அடிச்சவன் உங்களுக்கு வேலை செய்யேல்லை.”

பிறகு விளங்கப்படுத்தினார். நான் இங்கே எழுதுவது அவர் சொன்ன விதத்தில்தான். படிப்பு வேண்டாம், வீட்டில் நாங்கள் காண்கிற விசயம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்பக்கம் வியர்க்கும் அல்லவா? வானின் டாஷ்போட்டுக்குப் பின்னால் கூலர் கொயில் என்று ஒன்று இருக்கிறது. அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டி. ஏ.சி. ஓடும்போது அது செம்பைவிடக் குளிர்ந்திருக்கும். வானுக்குள் உள்ள காற்றின் ஈரம் எல்லாம் அதில் பட்டு வியர்த்துத் தண்ணீராக வடியும். எட்டுப் பேர் மூச்சு விடும் வானில் எவ்வளவு ஈரம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து, சின்னக் குழாய் ஒன்றால் வாகனத்துக்குக் கீழே சொட்ட வேண்டும். புத்தளத்து ராத்தா தேடியது அந்தச் சொட்டைத்தான்.

காற்றோடு தூசியும் வருகிறது. ஈரமான தகட்டில் தூசி ஒட்டுகிறது. வானை நிறுத்தியதும் உள்ளே இருட்டு, ஈரம், வெக்கை. பூஞ்சணத்துக்கும் கிருமிகளுக்கும் வேறு என்ன வேண்டும்? அடுத்த நாள் ஏ.சி. போட்டதும் அவற்றின் வாடையைத்தான் காற்றாடி முகத்தில் ஊதுகிறது. ஓட ஓடக் குறைவது போல் இருப்பதற்குக் காரணம் மூக்குப் பழகுவதும்தான், முதல் காற்றோடு பாதி வாடை வெளியேறி எங்கள் நெஞ்சுக்குள் போய்விடுவதும்தான். மருந்து ஏற்றுகிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். பூஞ்சணத் தூள் அவர்களுக்குக் கூடவே கூடாது. இழுப்பு உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

வடிகுழாயைக் கீழே இருந்து கம்பியால் குத்தினார். மண் கொட்டியது. குளவி கட்டிய மண்கூடு. சின்னத் துவாரத்தைக் கண்டால் குளவி விடாதாம். மண் விழுந்ததும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சடசடவென்று ஊற்றியது, நிற்க நேரம் எடுத்தது. இத்தனை நாளும் அந்தத் தண்ணீர் தட்டு நிரம்பி வழிந்து எங்கே போயிற்று என்று பார்க்க, முன் சீற் காப்பெற்றைத் தூக்கினார். அதன் அடியில் தடித்த கம்பளித் துணி மாதிரி ஒன்று விரித்திருக்கும். பிழிந்தால் தண்ணீர் வந்தது. அடிப்பக்கம் முழுவதும் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எங்கள் செருப்போடு வந்த வன்னிச் செம்மண் அதில் அப்பிக் கிடந்தது.

நனைந்த துணி, மண், மூடிய இடம்.

நான் வான்கார அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. மாமியின் மூக்குப் பொய் சொல்லவில்லை. பங்கருக்குள் மணந்ததும் இதுதான், வானுக்குள் மணந்ததும் இதுதான். ஒரே பொருள், ஒரே பூஞ்சணம். அவவுக்கு நினைவு வந்தது உண்மை. ஆனால் நினைவு சும்மா வரவில்லை. காலுக்குக் கீழே இருந்த ஈரத் துணியில் இருந்து வந்தது.

வேலை அதோடு முடியவில்லை. முன்பக்கம் துப்புரவாக்கினால் பின் சீற்றில் ஏன் மணம் கூட என்ற கேள்வி இருந்தது. இப்படியான வான்களில் பின்பக்கத்துக்கென்று இன்னொரு கூலர் கொயில் தனியாக இருக்கும். அதற்கும் தனித் தட்டு, தனி வடிகுழாய். பல கராஜ்களில் முன்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டு முழு வேலைக்கும் காசு வாங்குவார்களாம். பின்பக்க மூடியைக் கழற்றியதும் காற்று உள்ளே இழுக்கும் வலை தெரிந்தது. அதில் தூசி, முறிகண்டியில் வாங்கிய கச்சானின் சிவப்புத் தோல், பிறகு முடி. கொத்துக் கொத்தாக முடி. மருந்து ஏற்றத் தொடங்கிய இரண்டு மூன்று கிழமையில் சீற்றில் சாய்ந்தாலே உதிர்ந்துவிடும் அந்த முடி. ஐயா ஒன்றும் கேட்கவில்லை. வலையைக் கழற்றி ஒரு கடதாசியில் அந்த முடியைச் சுற்றி அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார்.

சில வாகனங்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் கடதாசி மடிப்பு மாதிரி ஒரு பில்டர் இருக்கும். காற்றின் தூசியைப் பிடிப்பது அதன் வேலை. வருசத்துக்கு ஒரு தடவை, அல்லது 15,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்துத் தூசி வீதிகளில் ஓடுவதென்றால் அதற்கு முன்னரே. இது மலிவான சாமான், கழற்றிப் போடுவது பெண்களும் செய்யக்கூடிய ஐந்து நிமிட வேலை. எங்கள் வானில் அந்த இடமே வெறுமையாக இருந்தது. பழைய வாகனங்கள் பலவற்றில் இப்படித்தானாம், யாரோ கழற்றியவர்கள் திரும்பப் போடுவதில்லை. அப்படியானால் தூசி நேரே கொயிலில்தான் போய் ஒட்டும். ஐயா அளவு பார்த்து ஒன்று போட்டுவிட்டார்.

கொயிலைக் கழுவ டின்னில் அடைத்த நுரை விற்கிறது. குழாய் வைத்து உள்ளே நுரையை விட்டு, கால் மணித்தியாலம் விட்டுவைத்தால் அது கரைந்து அழுக்கோடு வடிகுழாயால் கீழே வரும். முதல் வந்த தண்ணீர் மை மாதிரி. மூன்றாம் தடவைதான் தெளிந்தது. கராஜில் நின்ற ஒரு பையன் “குளோரின் அடிச்சா உடன போகும்” என்றான். ஐயா அவனைப் பேசினார். குளோரின் அலுமினியத்தை அரித்துவிடும், வானுக்குள் அதன் ஆவி நின்று நெஞ்சை எரிக்கும், வினாகிரியோ அசிட்டோ சேர்ந்துவிட்டால் விசவாயுவே வரும். வீட்டில் கழிப்பறை கழுவும்போதும் இந்த இரண்டையும் கலக்கக்கூடாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

காப்பெற்றையும் அடித்துணியையும் கழற்றித் தந்தார். அடித்துணியை எறியச் சொன்னார். காப்பெற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி இரண்டு நாள் கடும் வெயிலில் அக்கா வீட்டு வேலியில் போட்டோம். வானைக் கதவெல்லாம் திறந்து வெயிலில் நிறுத்தினோம். கடைசியில் யன்னல்களைத் திறந்துவிட்டு, சூட்டுப் பக்கம் திருப்பி, காற்றாடியை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லியிருந்தார், உள்ளே மிஞ்சிய ஈரம் காய. இரவில் இரண்டு சட்டியில் சிரட்டைக்கரியும் ஒரு கிண்ணத்தில் அப்பச்சோடாவும் வைத்து வானைச் சாத்தினோம். மிஞ்சிய வாடையை அவை ஓரளவு இழுக்கும். ஆனால் ஈரத்தை எடுக்காமல் கரியை வைத்துப் பயனில்லை. முழு வேலைக்கும் போன காசு, இரண்டு தடவை கேஸ் அடித்த காசில் பாதிகூட இல்லை.

இனி மணம் வராமல் இருக்கச் சாரதித் தம்பிக்கு ஐயா ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். இறங்குமிடம் வர ஐந்து, பத்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி. பொத்தானை நிறுத்திவிட்டுக் காற்றாடியை மட்டும் ஓடவிட வேண்டும். வெளிக்காற்று உள்ளே வரும்படி திருப்பி விடவும் வேண்டும். கொயில் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் பூஞ்சணம் வளராது. தம்பிக்குக் கணக்கு நிமிடத்தில் நிற்காது என்று தெரிந்து வான்கார அக்கா ஊர்ப் பெயரால் சொல்லிக் கொடுத்தா: போகும்போது நுகேகொடை, வரும்போது கரடிப்போக்குச் சந்திக்கு முதல். தூசி வீதியிலும், புத்தளம் சிலாபம் பக்கம் கருவாடு காயவிட்ட இடங்களிலும் உட்காற்றைச் சுற்றவிடலாம். ஆனால் முழுப் பயணமும் அப்படியே விட்டால் எட்டுப் பேரின் ஈரமும் உள்ளுக்குள்ளேயே சுற்றும். ஏ.சி. ஓடும் வான் தரித்து நிற்கும்போது கீழே பார்ப்பது இப்போது எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சொட்டுகிறதா என்று முதலில் பார்ப்பது என் அக்கா.

இன்னொன்று. மகரகமவில் முறை வரும் வரைக்கும் களைத்துப் போனவர்கள் வானுக்குள் வந்து படுப்பார்கள். வெக்கைக்கு எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, யன்னலைச் சாத்திவிட்டு நித்திரை கொள்வார்கள். இதைச் செய்யவே கூடாது. சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ, சுவரோடு ஒட்டியோ மூடிய தரிப்பிடத்திலோ வான் நின்றாலோ, காபன் மொனொக்சைட் என்ற வாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், மயக்கம் என்று தொடங்கும். மருந்தின் குணம் என்று நினைத்துக் கிடந்தால் எழும்ப முடியாமல் போகும். எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, மரநிழலில் பாயை விரியுங்கள்.

மாமியைக் கூப்பிட நானும் வான்கார அக்காவும் விசுவமடுவுக்குப் போனோம். கையோடு அந்தப் பழைய அடித்துணியில் ஒரு துண்டைச் சொப்பிங் பையில் கட்டிக் கொண்டுபோயிருந்தோம். அது சரியா என்று எனக்கு வழி நெடுக ஐமிச்சமாகத்தான் இருந்தது. மாமி பையை அவிழ்த்து ஒரு தரம் மணந்து பார்த்தா. உடனே முடிச்சுப் போட்டா. “இதைத்தானே நான் சொன்னனான்” என்றா. பிறகு சாரதித் தம்பியைக் கூட்டிவரச் சொன்னா. அவன் படலையில் நின்றவன், தலையைக் குனிந்துகொண்டு வந்தான். மாமி அவனிடம் கேட்டது ஒரே கேள்வி, பின்பக்கத்தையும் கழற்றிக் கழுவினீர்களா என்று. கழுவினது என்றான். பையைக் கொண்டுபோய் வளவு மூலையில் குப்பையோடு கொளுத்தச் சொல்லிவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணி வைக்கப் போனா.

அந்த மாதக் கிளினிக்குக்கு மாமி வந்தா. போகும்போது யன்னல் ஓரம்தான் கேட்டா, முழுத் தூரமும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது சிலாபத்தில் நல்ல மழை. சாரல் மடியில் அடித்தது. மாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தா. பிறகு கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டு, தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு, ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டிவிடும்படி தம்பியிடம் சொன்னா.